லேத்துக்கு வழிவிட்ட கதவு

மார்ச் 3

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. போனில் நீ குரலை உயர்த்தினால் என் வாய் அடைத்துப்போகும். அதனால்தான் எழுதுகிறேன்.

இரும்பு கடையும் பழைய லேத் மெஷின் வாங்கியிருக்கிறாய் என்றதும் சந்தோஷப்பட்டேன். அதை என் அறையில் வைத்ததை யாரும் சொல்லவில்லை. லேத் வாசலில் நுழையவில்லை என்று நிலையைப் பெயர்த்து, கழற்றிய கதவைச் சுவரில் சாத்தி, அதன்மேல் ஸ்விட்ச் போர்டு அடித்திருக்கிறாய். அம்மா படம் அனுப்பியது லேத்தைக் காட்ட. நான் பார்த்தது கதவை.

அந்த வீட்டில் நான் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள இருந்த ஒரே கதவு அது. “மகாராணி தர்பாரை மூடிட்டா” என்று கிண்டல் செய்வாயே, இனி லீவுக்கு வந்தால் மகாராணி எங்கே படுப்பாள்? லேத்துக்கு அடியிலா?

படத்தில் பார்த்தேன், லேத்தில் இருப்பது மூன்று பேஸ் மோட்டார். நம் வீட்டுக்கு வருவது ஒரு பேஸ் கரண்ட்தான். எலக்ட்ரிக்கல் படித்தவள் ஒருத்தி இருக்கிறாளே என்று யாருக்கும் தோன்றவில்லையா?

உன் தங்கை

மார்ச் 9

தங்கச்சிக்கு,

பட்டம் வாங்கின கையோட அண்ணனை அதட்டவும் கத்துக்கிட்டியா? எப்பவோ வர்ற உனக்கு ஒரு ரூம் பூட்டிக் கிடக்கணும், வேலை போன நான் நடுத்தெருவுல லேத் ஓட்டணும், அப்படித்தானே? வீடுன்னா விட்டுக்கொடுக்கணும்.

மோட்டார் உறுமுது, சுத்தமாட்டேங்குது. பெருக்கும்போது அம்மா லேத்தைத் தொட்டுட்டு, “சுரீர்னு இழுக்குதுடா!”ன்னு கத்தினா. பெரிசா ஒண்ணுமில்லை. வந்து சரிபண்ணு. படிச்சவதானே.

அண்ணன்

மார்ச் 14

அண்ணாவுக்கு,

பெரிதாக ஒன்றுமில்லையா? அம்மாவிடம் போனில் சொல்லி லேத்துக்குப் போகும் லைனை அணைக்க வைத்துவிட்டேன். நீ தொடாதே. ஒரு பேஸில் அந்த மோட்டார் உறுமும், சூடேறும், கருகும். சுற்றாது. எர்த் போடாத இரும்பைத் தொட்டிருக்கிறாள் அம்மா. அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் எந்தப் படிப்பை வைத்துச் சரிசெய்வது?

ஒரு பேஸை மூன்றாக்கித் தரும் டிரைவ் பெட்டி இருக்கிறது. அதைக் கொண்டுவந்து நானே மாட்டுவேன். எர்த்தும் போடுவேன். ஆனால் கதவில்லாத அறைக்கு வரமாட்டேன். விட்டுக்கொடு என்கிறாய். கேட்டால்தானே கொடுக்க முடியும்? கேட்காமல் எடுப்பதற்கு வேறு பெயர்.

தங்கை

மார்ச் 23

திமிர் பிடிச்சவளே,

லேத்தைக் குழாய்மேல உருட்டி, பின்னாடி ஷெட்டுக்குத் தள்ளியாச்சு. என் இடுப்பு போச்சு. நிலையும் கதவும் பழைய இடத்துல நிக்குது. ஸ்விட்ச் போர்டு அடிச்ச ஓட்டையை அடைச்சிருக்கேன். ஆனாலும் தெரியும்.

பழைய தாழ்ப்பாள் எங்கேயோ தொலைஞ்சுபோச்சு. கரண்ட்டையும் நீ நிறுத்திட்டே. அம்மா லேத்தோட பெல்ட்டைக் கையால இழுத்துச் சுத்த, நான் பித்தளைக் கம்பியைக் கடைஞ்சு புதுசு பண்ணினேன். “பெத்தவளை மாடா இழுக்க வெக்கறியேடா”ன்னு முடியிற வரைக்கும் திட்டு. அந்த லேத்துல செஞ்ச முதல் வேலை அதுதான். கதவுக்கு உள்பக்கம் மாட்டியிருக்கேன்.

ஷெட்டுல உன் பழைய சைக்கிள் லேத்தை இடிச்சுக்கிட்டு நிக்குது. நகர்த்தலாமா? பதில் எழுது. அதுவரைக்கும் தொடமாட்டேன்.

அண்ணன்