நடுப்பலகைக்கு அடியில் ஐம்பது லிட்டர்

என் அருமை மச்சான் முருகேசு,

நம் படகுக்குப் புது டாங்கி வைத்தாயிற்று. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ போய் எட்டு மாதம். அன்று காலை கேரி தீவு ஆற்றைத் தாண்டிக் கடலுக்குள் போனோம். சியாக்காப் மீன் நன்றாகக் கடித்ததால் திரும்ப மனமில்லை. திடீரென்று தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு இடது தோளைப் பிடித்துக்கொண்டாய். படகைக் கரைக்குத் திருப்பினேன். பாதி வழியில் எஞ்சின் நின்றது. இருபத்தைந்து லிட்டர் டாங்கி காலி.

அந்தச் சின்ன டாங்கியே போதும் என்றவன் நான்தான். "பெருசா வச்சா படகு கனத்துடும்டா, கேன் இருக்குல்ல" என்று உன் வாயை அடைத்தேன். கேனிலிருந்து ஊற்றும்போது அலை ஆட்டியதில் பாதி பெட்ரோல் என் காலில் கொட்டியது. எஞ்சின் கயிற்றை எத்தனை தடவை இழுத்தேனோ! "பதறாதடா, மெதுவா ஊத்து" என்றாய். அதற்குப் பிறகு நீ பேசவில்லை.

சீக்கிரம் கரை சேர்ந்திருந்தால் பிழைத்திருப்பாயா? "உறுதியா சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அந்தப் பதிலைச் சுமந்துகொண்டுதான் தினமும் கிள்ளானில் வேலைக்குப் போய் வருகிறேன்.

என் தங்கை கலா, உன் மனைவி, படகை விற்கச் சொல்வாள் என்று நினைத்தேன். "டாங்கிய மாத்துங்கண்ணே" என்றாள். அவ்வளவுதான்.

பட்டறையில் எண்பது லிட்டர் கேட்டேன். "பயந்தவன்தான் பெரிய டாங்கி கேட்பான்" என்று மலாயில் சொன்னார் சீன அங்கிள். பிறகு தண்ணீர் நிரப்பிய கேன்களைப் படகில் அடுக்கிக் காட்டினார். பின்னால் வைத்தபோது எஞ்சின் கனமும் சேர்ந்து, தண்ணீர் விளிம்புவரை ஏறிவிட்டது. முன்னால் வைத்தபோது படகின் மூக்கு தண்ணீரில் குத்தியது. நடுப்பலகைக்கு அடியில், தரையோடு தரையாக வைத்தபோதுதான் படகு நேராக நின்றது. அங்கே இருந்தால் எண்ணெய் குறையக் குறையப் படகின் நிலை மாறாதாம். அந்த இடம் ஐம்பது லிட்டருக்குத்தான் போதும். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மூன்றாவது பங்கை ஆபத்துக்கு வைத்துக்கொண்டு தொடவே கூடாது என்றார்.

டாங்கியைப் பொருத்திய அன்று கலா பார்க்க வந்தாள். இத்தனை நாள் சொல்லாததைச் சொன்னேன்.

"சின்ன டாங்கி போதும்னு சொன்னது நான்தாம்மா. அவன் பெருசுதான் கேட்டான்."

"தெரியும்ணே, அவரே சொன்னாரு." படகின் விளிம்பில் கை வைத்தபடி நின்றாள். "ரெண்டு மாசமாவே நெஞ்சு வலிக்குதுன்னு எங்கிட்ட சொல்லிட்டு இருந்தாரு. கிளினிக்குக்குக் கூப்பிட்டா, 'உங்கண்ணங்கிட்ட சொல்லிடாத லா, கடலுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டான்'னு கெஞ்சினாரு. நானும் வாய மூடிக்கிட்டேன். இத நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

ஏன் மச்சான் அப்படிச் செய்தாய்? உன்மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. இருவரும் அந்தப் பலகையில் போய் உட்கார்ந்தோம்.

பிறகு நான்தான் வாய் திறந்தேன். "எனக்கும் கொஞ்ச நாளா படியேறினா மூச்சு வாங்குதும்மா."

அவள் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போகிறேன், கலாவும் கூட வருகிறாள். டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் கடல். இது உனக்கு நான் செய்யும் சத்தியம்.

உன் மச்சான்,
உன் பிள்ளைகளின் தாய்மாமன்