கிளை நூலகமும் ஒரு மொட்டைக் கடுதாசியும்

14 ஜூலை 1958

ஐந்து மணிக்கே விழிப்பு. தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்று இன்றோடு இரண்டு வாரம். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டேன். நேற்றும் விட்டிருந்தேன். சமையலறையில் டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கினேன். ராமாமணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏனுங்க, கல்யாணம் ஆன நாள்லருந்து இந்த நேரத்துல நீங்க ஊட்டுல இருந்ததில்லீங்க. நீங்க பின்னாடியே நின்னா எனக்குக் கை ஓடமாட்டேங்குது. எங்காச்சும் போயிட்டு வாங்க."

எங்கே போவது? வயது ஐம்பத்தைந்து. கால் நன்றாக இருக்கிறது, கண் நன்றாக இருக்கிறது. போக ஒரு இடம்தான் இல்லை.

16 ஜூலை

தெருக்கோடியில் வாடகைக் கட்டடத்தில் கிளை நூலகம். ஒரே கூடம். நீள மேஜையில் பத்திரிகைகள், சுற்றிலும் என்னைப் போன்றவர்கள் ஐந்தாறு பேர். பக்கத்தில் இருந்தவர் சுப்பண்ணன், மில்லில் ஜாபர் என்கிற மேஸ்திரியாக இருந்தவர். மற்றவர்கள் வராத ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள்.

நூலகர் தம்பிதுரை, முப்பது வயதிருக்கும், நூலகம் முழுக்க அவர் ஒருவர்தான், தற்காலிக வேலை. நான் வாயைத் திறக்கும் முன்பே ஒரு பக்திப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். மின்சார மோட்டார் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதெல்லாம் பெட்டியில இருக்குதுங்க சார். இன்னும் பிரிக்கலைங்க."

அலமாரிக்குக் கீழே மூன்று மரப்பெட்டிகள், ஆணிகூடப் பிடுங்காமல். வயதானவன் என்றால் சாமி புத்தகம், அவ்வளவுதானா?

2 ஆகஸ்ட்

தினமும் போகிறேன். எட்டு மணிக்குத் திறக்கும்போதே போய் முதல் பத்திரிகையைப் பிடித்துவிடுகிறேன். சந்தை நிலவரம், வரி விளம்பரம், எதையும் விடுவதில்லை. பத்து மணிக்கு முடிந்துவிடுகிறது. பிறகு? மறுபடி முதலிலிருந்து.

4 ஆகஸ்ட்

இன்று சுவரில் ஒரு அறிவிப்பு: "ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் காலை பதினோரு மணிக்குப் பிறகு பத்திரிகை படிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

தம்பிதுரையிடம் கேட்டேன். "தப்பா நினைக்காதீங்க சார். வேலை தேடறவங்க காலைல வர்றாங்க. வான்டட் பகுதியைப் பார்த்த உடனே ஓடணுமுங்க. உங்களுக்கு அவசரம் இல்லீங்களே."

அவசரம் இல்லை! எத்தனை கலெக்டர்களுக்கு ஃபைல் தயார் செய்து கொடுத்தவன். ஒரு தற்காலிக நூலகர் என்னைப் பார்த்து, உனக்கு அவசரம் இல்லை என்கிறான்.

அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் இன்னும் எரிகிறது.

5 ஆகஸ்ட்

எழுதிவிட்டேன். ஆபீஸ் நடையில், மூன்று பத்திகள். ஒன்று, பெரியவர்களை அவமதிக்கிறார். இரண்டு, புத்தகங்களைப் பெட்டியிலேயே பூட்டி வைத்திருக்கிறார். மூன்று, தினமும் தாமதமாகத் திறக்கிறார். மூன்றாவது பொய். ஒரே ஒரு நாள், மழையில், பத்து நிமிஷம். இரண்டு குற்றச்சாட்டோடு நிறுத்தினால் மனு நிற்காது என்று கை தானாக எழுதிவிட்டது.

கீழே கையெழுத்து இல்லை. "உண்மை விரும்பி" என்று போட்டு மேலதிகாரி விலாசத்துக்குத் தபாலில் சேர்த்தேன். இப்படி வந்த மொட்டைக் கடுதாசிகளை எத்தனை கிழித்திருக்கிறேன்.

6 ஆகஸ்ட்

பசி நன்றாக எடுத்தது.

25 ஆகஸ்ட்

தம்பிதுரைக்கு மெமோ வந்திருக்கிறது. பத்து நாளில் விளக்கம் தர வேண்டும், திருப்தி இல்லையென்றால் வேலை இல்லை. என் கடுதாசியின் நகலும் கூடவே. சுப்பண்ணனிடம் படித்துக் காட்டினார். மனைவி அந்தியூரில் தாய் வீட்டில் இருக்கிறாளாம், ஏழாம் மாதம்.

"எந்த நாய் எழுதுச்சோ, அது நல்லா இருக்குமாங்க சார்?" என்று சுப்பண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் தலையாட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா? எனக்கே தெரியவில்லை.

26 ஆகஸ்ட்

சாப்பாடு இறங்கவில்லை. ராமாமணி கேட்டுக்கொண்டே இருந்தாள். சொல்லிவிட்டேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"போயிச் சொல்லிப்போடுங்க."

"மானம் போயிரும் ராமாமணி."

"அந்தத் தம்பிக்கு வேலை போயிருமுங்களே," என்றாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

27 ஆகஸ்ட்

இரண்டு முறை நூலக வாசல் வரை போனேன். இரண்டு முறையும் நிற்காமல் நடந்தேன். சிங்காநல்லூர் குளம் வரை நடந்திருக்கிறேன். என்ன மனுசன் நான்? சீ.

28 ஆகஸ்ட்

சொல்லிவிட்டேன். தனியாகச் சொல்லலாம் என்றுதான் போனேன். ஆனால் சுப்பண்ணன் மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்து, பக்கத்துத் தெரு ஆள் ஒருவன் மேல் சந்தேகம் என்றார். எழுந்து நின்றேன்.

"அதை எழுதினது நாந்தாங்க. தாமதமாத் திறக்கறார்னு எழுதினது பொய்."

சுப்பண்ணன் பத்திரிகையை மடித்து வைத்தார், துண்டை உதறினார், போய்விட்டார். பின்னாலேயே மற்றவர்களும். தம்பிதுரை வெகுநேரம் என்னைப் பார்க்கவே இல்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை.

கடைசியில் சொன்னார்: "பெட்டியைப் பிரிக்கலைன்னு எழுதினீங்களே, அது நெசந்தானுங்க. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போடணும், சீட்டு ஒட்டணும், பதிவேட்டுல ஏத்தணும். ஆள் கேட்டு நாலு தடவை எழுதிட்டேன். வரலைங்க."

"விளக்கம் எழுதிட்டீங்களா?"

"எப்படி எழுதறதுன்னே தெரியலைங்க சார்."

அங்கேயே உட்கார்ந்தேன். என் மனுவுக்கு அவர் தர வேண்டிய பதிலை நானே எழுதினேன். கூடவே, பொய் எழுதியவன் நான் என்று பெயர், விலாசம், கையெழுத்தோடு தனிக் கடிதம். முப்பது வருட உத்தியோகத்தில் இவ்வளவு அடித்துத் திருத்தி ஒரு வரைவு எழுதியதில்லை.

1 செப்டம்பர்

முதல் பெட்டியைத் திறந்தோம். கூலி வேண்டாம், ஓய்வு பெற்றவர்கள் உதவலாமா என்று தம்பிதுரை எழுதிக் கேட்டதற்கு மேலிடத்திலிருந்து பதில் வரும் முன்பே ஆரம்பித்துவிட்டோம். நான் பதிவேடு எழுதினேன். பசை காய்ச்சிக் கொண்டுவந்த ராமாமணி, தூக்குப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போகாமல் உட்கார்ந்து சீட்டு ஒட்டினாள். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் படித்தாள். வேலை ஓடவில்லை. நான் அடுத்த எண்ணை எழுதி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

11 செப்டம்பர்

சுப்பண்ணன் வந்தார். என்னோடு பேசவில்லை. ஆனால் ஆணி பிடுங்கும் கம்பி கொண்டுவந்திருந்தார். இரண்டாவது பெட்டியைத் திறந்துவிட்டுப் போனார்.

3 அக்டோபர்

உத்தரவு வந்தது. தம்பிதுரைக்கு ஒரு எச்சரிக்கை, வேலைக்கு ஆபத்தில்லை. எச்சரிக்கை அவர் பணிப்புத்தகத்தில் ஏறிவிட்டது. அதை அழிக்க முடியாது. எனக்குத் தெரியாதா? "பரவாயில்லீங்க சார்" என்றார். பரவாயில்லை என்ற குரலாக இல்லை.

8 நவம்பர்

தம்பிதுரைக்குப் பெண் குழந்தை. திங்கள் முதல் ஒரு வாரம் லீவு.

சனிக்கிழமைதோறும் மதியம் ஒருவர் தாம் படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுவது என்று வைத்திருக்கிறோம். இன்று சுப்பண்ணன் முறை, பெட்டியிலிருந்து வந்த மோட்டார் புத்தகம். "இதை எழுதுன மகராசன் மோட்டாரைத் தொட்டதே இல்லீங்க" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம். வராந்தா வரை கூட்டம். முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். எழுபது நாளுக்குப் பிறகு.

9 டிசம்பர்

ராமாமணி நூலகத்தில் சண்டை போட்டிருக்கிறாள். ஆம்பளைகள் உட்கார்ந்திருக்கும் மேஜையில் எந்தப் பொம்பளை வந்து உட்காருவாள் என்று தம்பிதுரையைக் கேட்டிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை மதியம் பெண்களுக்கு மட்டும் என்று முடிவாகியிருக்கிறது. அந்த நேரத்தில் எனக்கும் உள்ளே இடமில்லை.

17 பிப்ரவரி 1959, செவ்வாய்

மூன்றரை மணி. வீட்டில் யாரும் இல்லை. காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்து, ஒரு நிமிஷம் தெருவை எட்டிப் பார்த்தேன். அதற்குள் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

ராமாமணி ஐந்தரைக்கு வந்தாள். இன்று பதினான்கு பேராம். கண் மங்கிய மாரியாத்தாளுக்காக இவள் ஒரு நாவலை உரக்கப் படிக்க, எல்லோரும் தங்கள் புத்தகத்தை மூடிவிட்டு இவளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்களாம். அடுப்பைப் பார்த்தாள். பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"கதையில அந்தப் புள்ள ஊட்டை விட்டுப் போயிருச்சுங்க. ரயில்ல ஏறிப்போட்டா. இவன் பிளாட்பாரத்துல நிக்கறான். அதுக்குள்ள மணி அஞ்சாயிருச்சு, பூட்டணும்னு அந்தத் தம்பி வந்து நின்னுட்டாரு."

"அப்புறம்?" என்றேன்.

"அடுத்த செவ்வாய்தாங்க தெரியும். ஆனா நான் என்ன நினைக்கறேன்னா..." என்று நின்றபடியே சொல்ல ஆரம்பித்தாள். நான் துணியை நனைத்துக்கொண்டு வந்து, கேட்டுக்கொண்டே அடுப்பைத் துடைத்தேன்.