அக்காமா என்றொருத்தி

அப்பா,

உங்கள் பெட்டி நேற்று வந்தது. சவுதியில் உங்களோடு ஒரே அறையில் இருந்த கடத்தூர்க்காரர் கொண்டுவந்து கொடுத்தார். திறந்ததும் சிமெண்ட் வாசனை. துவைத்து மடித்த சட்டையிலும் அது போகவில்லை. சட்டைக்கு அடியில் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. உங்கள் போட்டோ ஒட்டி, சுற்றிலும் அரபி எழுத்து. அந்த நாட்டில் தங்கி வேலை செய்யக் கொடுக்கும் அக்காமா. கெடு முடிந்துபோனது. அம்மா மாட்டை ஏரிக்கு ஓட்டிப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் அதை ஒளித்துவிட்டேன்.

எட்டாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது நீங்கள் திட்டவில்லை. "வூட்டுல கடுதாசி படிக்க ஒரு ஆளு வேணுமில்ல" என்றீர்கள். வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொள்வேன். அம்மா ஒருத்திக்கு மட்டும் படிப்பது பிடித்திருந்தது.

போன மாசியில் வந்த கடிதத்தையும் அப்படித்தான் படித்தேன். "இங்கே என்னோடு இருந்துவிட்டு ஊர் திரும்பிய பொம்மிடி மாணிக்கத்தின் பாக்கியைக் கட்டாமல் எனக்கு அக்காமா கிடைக்காது. அக்காமா இல்லாமல் நான் ஊருக்கு வர முடியாது. அவன் வீட்டில் போய்ச் சொல்லவும்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஆருடி அந்த அக்கம்மா?"

நம் தெருவிலேயே இரண்டு அக்கம்மா இருக்கிறார்கள். அவள் வேறெப்படி நினைப்பாள்?

"தெரியலம்மா."

"மாணிக்கத்தோட தங்கச்சியா இருப்பா. பாக்கியக் கட்டினாத்தான் குடுப்பாங்களாமா? அவ இல்லாம ஊருக்கு வரமாட்டாராமா? நல்லா இருக்குது நாயம். அங்கியே கெடக்கட்டும். அவளே களி கிண்டிப் போடட்டும்."

நீங்கள் எழுதியிருந்தது அக்கம்மா இல்லை, அக்காமா. படிக்கும்போதே கண்ணில் பட்டது. அவசரத்தில் ம் ஒன்றை விட்டு, ஒரு கால் கூடுதலாகப் போட்டுவிட்டீர்கள் என்று நினைத்தேன். தபால்காரரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று பயம். அம்மா பதில் எழுத வேண்டாம் என்றாள். நானும் எழுதவில்லை.

அடுத்த கடிதத்தை அம்மா காதில் வாங்கவே மறுத்தாள். மாட்டுக் கொட்டகையில் நின்று தனியாகப் படித்தேன். "அக்காமா இல்லாததால் வெளியே போகப் பயம். போலீஸ் பிடித்தால் ஜெயில். ஒரு வாரமாகக் காய்ச்சல். ஆஸ்பத்திரியிலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அறையிலேயே படுத்திருக்கிறேன்."

'அதை' என்று எழுதியிருந்தீர்கள். ஒரு பெண்ணைப் போய் நீங்கள் 'அதை' என்று எழுதமாட்டீர்கள்.

மறுநாள் பாலக்கோட்டுக்குத் தக்காளி பொறுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பொம்மிடிக்கு பஸ் ஏறினேன். தனியாக ஏறிய முதல் பஸ் அதுதான். விசாரித்து விசாரித்து மாணிக்கத்தின் வீட்டைக் கண்டுபிடித்தும், கூப்பிட வாய் வராமல் வெளியிலேயே நின்றேன். அவர் மனைவி எட்டிப்பார்த்து, "ஆரு வேணும் கண்ணு?" என்று கேட்ட பிறகுதான் பேச்சு வந்தது.

மாணிக்கம் சிரித்தார். "அது பொம்பள இல்ல பாப்பா. அங்க இருக்கறதுக்குக் குடுக்கற புஸ்தகம்."

பிறகு அவர் சிரிக்கவில்லை. தங்கை கல்யாணத்துக்காக அங்கே ஒரு கடையில் தவணைக்குச் சாமான் வாங்கியதையும், நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டதையும், கட்டாமலே ஊருக்கு வந்துவிட்டதையும் தரையைப் பார்த்தபடி சொன்னார். கடைக்காரர் புகார் கொடுத்திருப்பார். கடன் உங்கள் தலையில் விழுந்திருக்கும். அது தீரும்வரை முதலாளி அக்காமாவைப் புதுப்பிக்க மாட்டார், ஊருக்கும் விடமாட்டார்கள் என்றார்.

"இவ்ளோ தூரம் போவும்னு நெனைக்கல. மாட்ட வித்தாவது அனுப்பறேன். அப்பாவுக்கு எழுதிடு பாப்பா."

அன்றே எழுதித் தபாலில் போட்டேன். அம்மாவிடம் சொல்லத்தான் முடியவில்லை. இரண்டு நாள் நாக்கு நுனி வரை வந்து வந்து போனது. மூன்றாம் நாள் தந்தி வந்துவிட்டது.

நேற்று வந்தவர் என்னிடம் சொன்னார். "காலைல எல்லாரும் வேலைக்குப் போய்ட்டோம். சாயந்தரம் வந்து பாத்தா ஒடம்பு சில்லுனு இருந்துச்சு." அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவரும் போய்விட்டார்.

ராத்திரி சோறு தின்னாமல் அம்மா உங்கள் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குரலில் கோபமே இல்லை.

"ஏண்டி, கடைசி நேரத்துல அந்தப் பொம்பள பக்கத்துல இருந்திருப்பா இல்ல? ஒரு வாய் தண்ணி குடுத்திருப்பா இல்ல?"

உண்மையைச் சொன்னால், மாசியிலேயே பொம்மிடிக்குப் போகாமல் இருந்தது தன் கோபத்தால்தான் என்று அவளுக்கு உடனே புரிந்துவிடும். அதற்குப் பிறகு அவள் உயிரோடு இருப்பாளா என்று எனக்குத் தெரியாது.

"குடுத்திருப்பாங்கம்மா" என்றேன்.

"எந்த ஊர்க்காரியோ. நல்லா இருக்கட்டும்."

இன்று காலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். அந்த அக்கம்மாவுக்கு என்ன வயசு இருக்கும், பிள்ளைகள் உண்டா, உங்களுக்காக அழுதிருப்பாளா. எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அப்பா. சொன்னதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறேன். என்றைக்காவது மறந்துபோய் மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.