கொலுவுக்குப் பின்னால் அறுந்த ஒயர்

16-10-96, புதன்
தூறல். மொட்டைமாடித் துணி நனைந்தது. மூன்று நாளாய் போன் அடிக்கவில்லை. எடுத்தால் டோனும் இல்லை.
பம்பாயிலிருந்து மகன் ரவி கடிதம், அவன் அம்மா கமலா பெயருக்கு. நான் வாங்கிக் கொடுத்த பாங்க் வேலையை உதறிவிட்டுப் போய் ஆறு மாசம். அவன் போன் வந்தால் நான் எடுப்பதில்லை. கமலாதான் பேசுவாள். இப்போது எழுதியிருக்கிறான்: 'ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன் பண்றேன். அப்பா எடுத்தா தீபாவளிக்கு வரேன். எடுக்கலேன்னா இனிமே தொந்தரவு பண்ணலை.' ரூம் மாறுகிறானாம், புது விலாசம் எழுதவில்லை. திமிர். என்னிடமிருந்துதான் வந்திருக்கும்.

17, வியாழன்
மந்தைவெளி மார்க்கெட்: பூ, சுண்டலுக்குக் கடலை, பி.பி. மாத்திரை.
தெருமுனை டெலிபோன் பூத்திலிருந்து என் நம்பரையே போட்டுப் பார்த்தேன். மணி போகிறது! வீட்டில் கமலாவுக்கு ஒன்றும் கேட்கவில்லையாம். பூத்காரர்: "ரிங் போய்க்கினேதான் கீது சார். வூட்ல யாரும் எடுக்கல." ரவிக்கும் இப்படித்தான் கேட்கும். நான்தான் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொள்வான்.

18, வெள்ளி
லைன்மேன் வந்தார். கம்பத்தில் ஏறிப் பார்த்தார். "கம்பத்துல டோன் சோக்கா கீது சார். கோளாறு உள்ளதான். டப்பா எங்க?"
போன் ஒயர் வந்து சேரும் டப்பா ஹால் சுவரில், கொலுவுக்குப் பின்னால். ஏழு படி, அடியில் டிரங்குப் பெட்டிகள். பெட்டியை ஒயர் மேல் இழுத்துத் தள்ளியவன் நான்தான்.
"பொம்மைய நவுத்துங்க சார், அஞ்சு நிமிசம்."
கமலா: "நடுவுல கலைக்கப்படாது. விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வெச்சப்பறம்தான்."
புது ஒயர் இழுப்பதென்றால் பூஜை லீவு முடிந்துதானாம். போய்விட்டார்.

19, சனி
தரையில் படுத்து, டார்ச், குடைக்காம்பு. எட்டவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது. வெற்றிலை பாக்குக்கு வந்த எதிர்வீட்டு மாமி, என் கால் மட்டும் தெரிய, "மாமா என்ன தேடறார்?" கமலா, "ஒண்ணுமில்லை."
அவளிடம் கெஞ்சவில்லை. ஆறு மாசமாய் 'நீயே பேசிக்கோ' என்றவன் எந்த முகத்தோடு கெஞ்சுவது? அலுப்பாக இருக்கிறது.

20, ஞாயிறு, சரஸ்வதி பூஜை
இன்று எழுதக் கூடாது. எழுதுகிறேன்.
புத்தகம், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் பூஜையில் அடுக்கியாகிவிட்டது. ஒன்பதரைக்குக் கமலா செட்டியார் பொம்மையை இறக்கினாள். பிறகு செட்டிச்சியை. தசாவதாரம் பாயில் வரிசையாக. "பாத்துண்டு நிக்காதேங்கோ, பிடியுங்கோ." சந்தனம் இட்ட ஸ்க்ரூ டிரைவரை அவளே எடுத்து நீட்டினாள்.
பெட்டி மூலைக்கடியில் ஒயர் நசுங்கி அறுந்திருந்தது. சுரண்டி முறுக்கினேன். டோன் வரும்போது மணி பத்து இருபத்தைந்து. உட்கார்ந்திருந்தோம்.
பத்து நாற்பதுக்கு அடித்தது. கமலா நகரவில்லை. எடுத்தேன்.
"அப்பாவா? பத்து மணிலேர்ந்து இது மூணாவது தரம். நாப்பது நிமிஷம் யோசிக்கணுமாப்பா?"
ஒயர், பெட்டி, கொலு, லைன்மேன், எல்லாம் சொன்னேன். "சரிப்பா" என்றான். நம்பவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.
தீபாவளிக்கு வருகிறானாம்.