மத்தியானத்தில் நின்ற மெஷின்

அன்புள்ள கூட்டாளிக்கு,

இன்று காலையில் பேத்தி கூடத்தில் உட்கார்ந்து நெயில் பாலிஷ் பூசிக்கொண்டிருந்தாள். அந்த வாடை வந்ததும் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். உம்மிடம் சொல்லாமலே விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. நீர் கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

எண்பத்தொன்பது, சித்திரை மாதம். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில், நம்முடைய ஒற்றை அறை கம்ப்யூட்டர் சென்டர். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வேலையை விட்டுவிட்டு வந்தவன் நான். துபாயில் எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஆறு வருஷம் இருந்துவிட்டுக் கடையநல்லூர் திரும்பியவர் நீர். காலையில் நான் திறப்பேன். ஊரில் மத்தியான லுஹர் தொழுதுவிட்டு பஸ் ஏறி, மூன்று மணி வாக்கில் நீர் வருவீர்.

ஒரு பள்ளிக்கூடத்து முழுப்பரீட்சை மார்க்கை எல்லாம் ஏற்றி, ரிசல்ட் அச்சடித்துத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்திருந்தோம். பாதி வகுப்பு ஏற்றுவதற்குள் மெமரி போதவில்லை என்று மெஷின் சொல்லிவிட்டது. நீர்தான் துபாய்க்கு எழுதி, வந்த ஆள் ஒருவர் பெட்டியில் பதினெட்டு மெமரி சிப்புகளை வரவழைத்தீர். பழைய சிப்புகளைப் பிடுங்கிவிட்டு இரண்டு வரிசையாகப் புதியதைச் செருக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பூரான் மாதிரி பதினாறு கால்.

"மேல் வரிசையை நான் போடுதேன். கீழ் வரிசையை நீரு போடும் வே," என்றீர். "நம்ம ரெண்டு பேரு கையும் பட்டதா இருக்கட்டும்."

போட்டு மூடினோம். திரையில் மெமரியை அறுநூற்று நாற்பது வரை எண்ணிக் காட்டியது. அன்றைக்கு இரண்டு பேரும் முட்டை புரோட்டா தின்றோம்.

மறுநாள் மூன்றரை மணிக்கு மெஷின் நின்றது. பாரிட்டி என்று ஒரு வரி, அதற்கப்புறம் எந்தச் சாவியைத் தட்டினாலும் அசையவில்லை. மெமரியில் எழுதியதும் திரும்பப் படித்ததும் ஒத்துப்போகவில்லை என்று அதற்கு அர்த்தம் என்று நீர் விளக்கினீர். அடுத்த நாளும் அதே நேரம். அதற்கடுத்த நாளும். காலையில் நான் தனியாக இருக்கும்போது ஒரு குறையும் இல்லாமல் ஓடும். நீர் வந்து உட்கார்ந்து அரை மணி நேரத்தில் நிற்கும்.

இதை நான் ஒரு தாளில் குறித்து வைத்தேன். நீர் வந்த நேரம், மெஷின் நின்ற நேரம். அந்தத் தாளை உமக்குக் காட்டவில்லை.

நீர் கடையநல்லூரில் சொந்தமாக ஒரு சென்டர் போடப்போவதாக பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என் காதில் போட்டிருந்தார். அதோடு இதையும் சேர்த்து முடிச்சுப் போட்டேன். நல்ல சிப்புகளை அங்கே ஒதுக்கிவிட்டு, கழித்துப் போட்டதை இங்கே கொண்டுவந்துவிட்டீர் என்று நினைத்தேன். அப்புறம், நீர் வந்ததும் நான் சாப்பிடப் போகும் நேரத்தில் மூடியைக் கழற்றி ஒவ்வொன்றாக மாற்றுகிறீர் என்றும் நினைத்தேன். தங்கச்சியின் நெயில் பாலிஷை எடுத்துவந்து, மூடியின் ஐந்து ஸ்க்ரூ தலையிலும் ஒரு சொட்டு வைத்தேன். யார் திருகினாலும் பூச்சு விரிசல் விட்டுவிடும்.

நீர் அன்றைக்கே பார்த்துவிட்டீர். "என்ன வே, ஸ்க்ரூல செவப்பா இருக்கு?"

"துரு ஏறாம இருக்கத்தான்."

"சரி," என்றீர்.

ஸ்டெபிலைசரை மாற்றிப் பார்த்தோம், வயரை மாற்றிப் பார்த்தோம். கடைசியில், "எல்லாச் சிப்பையும் ஒருக்கா பிடுங்கிப் பாத்துருவோம் வே. உள்ளதான் எங்கனயோ கோளாறு கெடக்கு," என்றீர். நான் விடவில்லை. பிடுங்கினால் கால் ஒடிந்துவிடும் என்று சாக்குச் சொன்னேன். உம் கையில் சிப்புகள் போவதில் எனக்குச் சம்மதமில்லை, அதுதான் உண்மை. என் முகத்தைப் பார்த்தீர். "வீட்டுல மராமத்து வேலை கெடக்கு. நாலு நாளு வர முடியாது. நீரு பாத்துக்கிடும்," என்று சொல்லிவிட்டுப் போனீர்.

நீர் வராத முதல் நாள், நான் எழுந்து வெளியே போகவே இல்லை. சாப்பாட்டை அறைக்கே வரவழைத்துவிட்டு மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்குப் பக்கத்துச் சுவரில் வெயில் இறங்கி, அறை காளவாய் மாதிரி ஆனது. மூன்று மணி இருபது நிமிஷத்துக்கு, அறையில் நான் ஒருவன் மட்டும் இருக்கும்போது, மெஷின் நின்றது.

ஸ்க்ரூவைப் பார்த்தேன். ஐந்து பூச்சும் வைத்தபடியே இருந்தன.

கதவைச் சாத்திவிட்டு மூடியைக் கழற்றினேன். முதலில் உமது மேல் வரிசையைத்தான் பிடுங்கினேன். அப்போதும் குற்றம் அங்கேதான் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்பதும் பழுதில்லை. கீழ் வரிசையில் நாலாவது சிப்பைத் தூக்கினால், அதன் ஒரு கால் குழிக்குள் இறங்காமல் வயிற்றுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. காலையில் குளிர்ந்திருக்கும்போது எப்படியோ தொட்டுக்கொண்டிருக்கும், சூடேறினால் விலகிவிடும். அந்தச் சிப்பைக் கட்டைவிரலால் அமுக்கியவன் நான்.

மடங்கிய காலை நிமிர்த்திச் செருகினேன். அன்று சாயங்காலம் வரை மெஷின் நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை. ரிசல்ட் எல்லாம் அச்சாகிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஐந்தாம் நாள் வந்தீர். ஓடுகிற மெஷினைப் பார்த்துச் சிரித்தீர். "எதுல இருந்துச்சு?"

"ஒரு சிப்புக்குக் கால் மடங்கியிருந்துச்சு."

"எந்த வரிசை?"

ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை கூட்டாளி. "மேல் வரிசை," என்றேன்.

உம் முகம் விழுந்துவிட்டது. "என் கைதானா. அவசரத்துல அமுக்கிட்டேன் போல. மனசுல வச்சுக்கிடாதயும் வே," என்றீர். நானும் பெரிய மனுஷன் மாதிரி, "அதனால என்ன," என்றேன்.

கடையநல்லூரில் நீர் சென்டர் எதுவும் போடவில்லை. இரண்டு வருஷம் கழித்துத் திரும்பவும் துபாய்க்குத்தான் போனீர். பெருநாளுக்குப் பெருநாள் கடிதம் வரும். ஊரோடு வந்த பிறகும் எத்தனையோ தடவை பார்த்துக்கொண்டோம். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். பேச்சு வேறெங்கோ போய்விடும். போகட்டும் என்று நானும் விட்டுவிடுவேன்.

உம்மை அடக்கம் செய்த மறுநாள் வீட்டுக்குப் போயிருந்தேன். உம் மகள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். "நீங்கதான் சங்கரன்கோவில் மாமாவா? அத்தா உங்களப் பத்திச் சொல்லாத நாளில்ல. 'என் கைப்பிழையால ஒரு வாரம் மெஷின் நின்னு போச்சு, அந்த மனுசன் ஒரு வார்த்த கடிஞ்சு பேசல. கூட்டாளின்னா அப்படி இருக்கணும்'னு எங்ககிட்ட சொல்லுவாக," என்றாள்.

நீர் அதைக் கடைசிவரை நம்பினீரா? அல்லது எல்லாம் தெரிந்துதான், என்றைக்காவது ஒரு நாள் என் காதுக்கு வரட்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்தீரா? உம்மைச் சந்தேகப்படுவதை நான் இன்னும் நிறுத்தவில்லை என்பதை இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "ஆமா தாயி," என்று தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தேன்.