வடிதாள் உறையில் நம் இருவர் இனிஷியல்

என் சாந்திக்கு,

நீ போய்ச்சேர்ந்து நாற்பது நாள் ஆகப்போகிறது. எண்ணெய்க் கம்பெனி லேபில் உன் அலமாரியைக் காலி செய்யும் வேலையை என்னிடம்தான் கொடுத்தார்கள். வேறு யாரிடம் கொடுப்பார்கள்?

எங்கள் கடலோர ஊர் கருக்களாச்சேரியில் என் அண்ணன் வலை முழுக்கக் கறுப்பாய்ப் பிசுபிசுத்து வந்ததே, அதைச் சுரண்டி ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவந்தேன். கச்சா எண்ணெயைப் பாகம் பாகமாய்ப் பிரிப்பதுதான் நம் அன்றாட வேலை. இருவரும் அதில் ஹெப்டேன் என்ற கரைப்பானை ஊற்றினோம். கனமான பாகம் கறுப்புப் பொடியாய் அடியில் இறங்கியது. வடிதாளில் வடித்தோம். "இன்ஜின் ஆயிலோட புகைக்கரின்னா டொலுயீன்ல கரையாதுடி, பாரு" என்று ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டாய். மிச்சமில்லாமல் கரைந்தது. "கச்சா எண்ணெய்தான். உங்க அண்ணன் பொய் சொல்லல" என்றாய். சந்தோஷத்தில் உன் தயிர்சாதத்தையும் நானே தின்றேன்.

கம்பெனிக்குக் கொடுத்த அறிக்கையில் என்ன எழுதினாய்? படகு இன்ஜினின் கழிவு எண்ணெய் என்று. கீழே உன் கையெழுத்து.

கம்பெனி எண்ணெய் கடலில் கசிகிறது என்று ஊரையே மனுக் கொடுக்கக் கூட்டிப்போனவர் அண்ணன். "எங்க வலையில நாங்களே எண்ணெயப் பூசிக்கிட்டமாம். ஒன் கூட்டாளிதானே தாயி கையெழுத்துப் போட்டுருக்கு?" என்று கேட்டார்.

உன்னிடம் கேட்டதற்கு, "தப்பாப் பார்த்துட்டமோ என்னமோ, விடுடி" என்றாய். நம்பினேன். நீ படுக்கையில் விழுந்து நான் கஞ்சி ஊட்டியபோதும் நம்பினேன்.

நேற்று உன் அலமாரியின் கீழ்த்தட்டில் அந்த வடிதாள் கிடைத்தது. பொடி உதிராமல் மடித்து, உறையில் போட்டு ஒட்டி, உன் கையெழுத்தில் தேதியும் நம் இருவர் இனிஷியலும் போட்டு வைத்திருக்கிறாய். தூக்கியும் எறியவில்லை, என்னிடம் காட்டவும் இல்லை. யார் மிரட்டினார்கள்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? தவறிப்போய் எழுதிவிட்டாள் என்று எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது, பாவி. அதையும் பிடுங்கிக்கொண்டாய்.

நாளை அண்ணனையும் ஊர்க்காரர்களையும் வைத்துக்கொண்டு இந்தப் பொடியில் டொலுயீன் விடப்போகிறேன். புது அறிக்கையில் என் கையெழுத்து இருக்கும். வேலை போனால் போகட்டும். உறையில் இருக்கும் உன் இனிஷியலை அடிக்கமாட்டேன். யார் பிரித்தது என்று கேட்டால் நாங்கள் இருவரும் என்பேன். யார் மறைத்தது என்று கேட்டால் உன் பெயரைச் சொல்வேன்.

உன்னை மன்னிக்கவும் முடியாமல், விடவும் முடியாமல் இருக்கும்
நீ தங்கச்சி என்றே கூப்பிட்ட,
செல்வி