கல் பாவிய உப்புப் பாதை

அண்ணா, அன்று நீங்கள் ஏன் குதிரையிலிருந்து இறங்கவில்லை? ஒரு வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நெடுந்தூரக் குதிரைப் பயணப் போட்டி நடத்தும் குழுவினர் போன வருடத்து வழிக்குறிப்பை இன்று காலை அனுப்பியிருந்தார்கள். இந்த வருடமும் அதையே அச்சிடப் போகிறார்களாம். எழுத்துப்பிழை மட்டும் பார்த்துத் தரச் சொன்னார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை, வழியிலுள்ள பழைய இடங்களைப் பற்றி நான் எழுதிய நான்கு பக்கங்கள். கடைசிப் பக்கத்தின் அடியில் புதிதாக ஒரு வரி: "சென்ற ஆண்டுப் பயணத்தில் கவனக்குறைவால் உயிரிழந்த நம் தோழருக்கு அஞ்சலி."

எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

பயணத்துக்கு முன் வழி பார்க்க நாம் கிளம்பிய நாள் நினைவிருக்கிறது. உங்கள் அப்பா ராயபுரம் ரயில் நிலைய வாசலில் ஜட்கா வண்டி ஓட்டியவர். நீங்கள் துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, கல்யாணத்துக்கும் ஊர்வலத்துக்கும் வாடகைக்கு விட ஜூலி என்ற குதிரையை வளர்த்தீர்கள். ஒரே தெரு என்றாலும் அதுவரை நாம் அதிகம் பேசியதில்லை. ரயில் நிலையத்தில் நான் தூண்களை எண்ணினேன். நீங்கள் கண்டெய்னர் லாரிகளை எண்ணினீர்கள். காசிமேட்டைத் தாண்டி, கடல் கொண்டுபோன ஒரு குப்பத்தின் பெயரைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா தங்கச்சி, இல்லாத ஊருக்கெல்லாம் பேர் எழுதிகினு கீற? ஜூலி எங்க தண்ணி குடிக்கும்னு எழுது."

திருவொற்றியூரில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "குதிரை வந்துட்ச்சி, மாப்ள எங்க நைனா?"

"மாப்ள பேஜாராயி ஓடிட்டாரு. ஜூலிக்கு ஒரு பன்னு குடு."

அதற்கப்புறம் சாலை லாரிகளால் குழிந்து கிடந்தது. நீங்கள் இறங்கி, ஜூலியைக் கையில் பிடித்து நடந்தீர்கள். இந்தப் பயணத்தில் சவாரிக்காரர் இறங்கி நடக்கலாம் என்று விதியே இருக்கிறது. ஆனாலும் மற்றவர்கள் கௌரவம் பார்ப்பார்கள். "எறங்குறதுக்கு இன்னா வெக்கம்? தரை சரியில்லன்னா என் ரெண்டு காலும் சேத்து அதுக்குத்தான்" என்றீர்கள்.

காத்திவாக்கம் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. திருத்தாத விடைத்தாள்கள் வீட்டில் கிடந்தன. எனக்குத் திரும்ப வேண்டும். மிச்சம் இருந்தது முகத்துவாரம் வரையிலான கடைசித் துண்டு மட்டும். பழைய வரைபடம் ஒன்றில் அங்கே உப்பு வண்டிகள் போன பாதை இருந்தது.

"அந்தாண்ட நான் போனதில்ல. நீ நடந்து பாத்தியா?"

"பார்த்தேன்" என்றேன்.

பார்க்கவில்லை, அண்ணா. இடத்தைப் பார்க்காமல் ஏட்டை நம்பாதே என்று மாணவர்களுக்கு வருடா வருடம் சொல்கிறவள் நான். "கல் பாவிய உப்புப் பாதை. தரை உறுதியானது" என்று எழுதிக் கொடுத்தேன்.

பயண நாளில், தண்ணீர் வாளிகளோடு நான் முகத்துவாரத்தில் நின்றிருந்தேன். கழிமுக ஓரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து, மேலே காய்ந்து, சிமென்ட் போட்ட தரைபோல் கிடந்தது. அடியில் சேறு. நீங்கள்தான் முன்னால் வந்தீர்கள். உப்பங்கழியில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து கத்தினாள்: "யோவ், அங்க போவாத! சாம்பலு! உள்ள வாங்கிக்கும்!" உங்களுக்குக் கேட்டதா என்று தெரியாது. ஜூலியின் முன்னங்கால்கள் இரண்டும் முழங்கால்வரை இறங்கின. நீங்கள் விழ, அது உங்கள்மேல் சாய்ந்தது. இறால் பிடித்த பெண்கள்தான் முதலில் ஓடிவந்தார்கள். கால் முறிந்த ஜூலிக்கு மருத்துவர் அங்கேயே ஊசி போட்டு முடித்துவிட்டார். நீங்கள் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். ஒரு வார்த்தை பேசாமலே போய்விட்டீர்கள். பேசியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இப்போது எழுதுவது எளிது.

குழுவினர் என்னிடம் கேட்டார்கள். "பாதை வரைபடத்தில் இருக்கிறது" என்றேன். அது பொய்யில்லை. அதை வைத்துக்கொண்டு கவனக்குறைவு என்று முடித்தார்கள். நம் தெருவில் அது வேறாக மாறியது: போதையில் விழுந்துவிட்டார் என்று. மாதாவிடம் நேர்ந்துகொண்டு நீங்கள் குடியை விட்டு ஆறு வருடமாகியிருந்தது. அடக்கத்தன்று அண்ணி அழவில்லை. "மாதாவயே ஏமாத்திட்டாரு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன்.

தரை மோசம் என்றால் இறங்குகிறவர் நீங்கள். உறுதியானது என்று நான் எழுதியதால் இறங்கவில்லையா, அல்லது முதலில் வந்து சேரும் ஆசையா? இரண்டாவதாக இருக்கட்டும் என்று ஒரு வருடம் விரும்பியிருக்கிறேன். இன்று மாலை குழுவுக்கு எழுதிவிட்டேன்: அந்தப் பாதையை நான் பார்க்கவில்லை, பார்த்ததாகச் சொன்னேன், உங்கள் கவனக்குறைவு எதுவும் இல்லை. அண்ணியிடம் நேரில்தான் சொல்ல வேண்டும்.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். குழுவிலிருந்து காலையில் பதில் வந்தது. பாதையைப் பற்றிய பத்தியை எடுத்துவிட்டார்களாம். கவனக்குறைவு என்ற சொல்லை எடுப்பது பற்றிக் கூட்டத்தில் பேசித்தான் முடிவு செய்ய வேண்டுமாம்.

காசிமேட்டு மீன் சந்தையில் அண்ணி மீன் வெட்டிக்கொண்டிருந்தார். "இன்னா, ஒரு வருசம் கழிச்சி மீன் வாங்க வந்தியா?" என்றார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நின்றது.

"அப்ப அவரு குடிக்கல."

"குடிக்கவில்லை, அண்ணி."

"இத்தினி நாளா நான் கல்லறைக்கே போவல. கல்லறைத் திருநாளுக்குக் கூட ஒரு மெழுவத்தி வெக்கல. தெரியுமா ஒனக்கு?"

"யக்கா, சங்கரா மீன வெட்டித் தர்றியா, இல்ல நான் அந்தாண்ட பாத்துக்கட்டா?" என்று பக்கத்தில் ஒருவர் அவசரப்பட்டார். அண்ணி வெட்டிக் கொடுத்தார். பிறகு கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் தள்ளிவிட்டு, இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

"கல்லறைக்கு நானும் வரட்டுமா?"

"நீ வோணாம்."

ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார். நான் வீட்டுக்கு வந்தேன்.